துணைச்சீட்டு

வீடு, கார், பென்ஷன் எல்லாம் எழுதிக்கொண்டு
வேறு ஏதாவது உண்டா என்றார் வக்கீல்.
கெத்தின் தொண்டையைச் செருமினான்.
"புள்ளிகள் இருக்கின்றன."
பூனையை மறந்துவிட்டான்,
புள்ளிகளை மறக்கவில்லை.

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
பதினோரு வருஷம் ஒரே கார்டைத்
தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தது.
கூரை ஒழுகியதற்கு, பூனைக்குப் பல் பிடுங்கியதற்கு,
அவன் அப்பாவின் சவப்பெட்டிக்கும்
அதைத்தான் நீட்டினான்.
அடக்கம் முடிந்து காரில் ஏறியதும்
"நாலாயிரம் புள்ளி" என்றான், அழுகைக்கு நடுவே.
அப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.
இப்போதென்றாலும் பிடிப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

லிமா போவதாக இருந்தோம்.
முதலில் புள்ளி போதவில்லை.
புள்ளி சேர்ந்தபோது வரி ஏறியிருந்தது.
வரி இறங்கிய வருஷம் என் முழங்கால்.
பிறகு வந்ததுதான் அந்தச் சட்டம்:
ஒரு புள்ளிக்கு ஒரு பென்னியாவது தேறணும், எய்ர்லிஸ்,
இல்லாவிட்டால் விரயம்.

முந்நூற்றைம்பத்தைந்து நாள் முன்னால்
நள்ளிரவில் இருக்கைகள் திறக்கும்.
சமையலறையில் ஒரே திரைக்கு முன்
இரண்டு நாற்காலி, கருகிய டோஸ்ட்,
பன்னிரண்டு அடிக்கக் காத்திருப்போம்.
கடைசிப் பொத்தானில் விரல் வைத்துவிட்டு
"நாளைக்கும் பார்ப்போமே" என்பான்.
எங்களுக்குள் நன்றாக இருந்தவை
அந்த இரவுகள்தான்.
அவற்றுக்கு யாரும் புள்ளி போடவில்லை.

அலை ஓய்ந்தபின் தலை முழுகலாம் என்று
துண்டும் கையுமாக நின்றோம்.
ஆனால் இது ஸ்வான்சீ.
இங்கே அலை ஓயவும் செய்யும்.
ஓயும்போது கடலே தொலைதூரம் போய்விடும்.
முழுகப் போனால் சேறு.

பாகம் பிரித்தார்கள். புள்ளி ஆளுக்குப் பாதி.
கார்டு என் பெயரில் என்பதால்
துணைச்சீட்டு எனக்கு வந்தது.
ஒருவர் புள்ளியில் இருவர் போகலாம்,
ஒரே விமானம், ஒரே வகுப்பு,
மார்ச் முப்பத்தொன்றுக்குள் பதியாவிட்டால் காலி.
துணையைப் பிரிந்த மாதத்தில்
துணைக்குக் காலக்கெடு.

டெலித்தைக் கேட்கலாம்;
வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள்
அவள் மருமகனின் மூன்று வேலைகளும் முடிந்துவிடும்,
பதினோரு மணி நேரம் என்றால்?
தம்பி இதுரிஸுக்கு விமானம் என்றாலே கை நடுங்கும்.
பல் கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் மெலேரி
வருகிறேன் என்றாள், பாய் பிரெண்டையும் சேர்த்து.

இருபத்தெட்டாம் தேதி கெத்தின் போன் செய்தான்.
"மூணு நாள்தான் இருக்கு, தெரியுமில்லையா?
யாரும் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன்.
கணக்குக்காக மட்டும்."
சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான்.
கொஞ்ச நேரம் இருவரும் போனை வைக்கவில்லை.

அன்று ராத்திரி விதிமுறைகளை
முதல் வரியிலிருந்து நானே படித்தேன்.
பதினேழாவது பத்தியில், எறும்பு எழுத்தில்:
தனியாகப் போகிறவருக்குப் பாதிப் புள்ளி போதும்.
இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.
அவன் படிக்காமல் விட்டானா,
படித்துவிட்டுச் சொல்லாமல் விட்டானா,
கேட்கப் போவதில்லை.

லிமா இல்லை. பெர்கன்.
இரண்டு மணி நேரப் பயணம், நவம்பர், மழைக்காலம்,
ஜன்னலோரம், பதினாலு ஏ.
கெத்தின் கணக்கில் அரை பென்னிகூடத் தேறாது.
பொத்தானில் விரல் வைத்தேன்.
பக்கத்து நாற்காலியில் பூனை தூங்கியது.
அழுத்தினேன்.

காலையில் ஒரு செய்தி: "எவ்வளவு தேறியது?"
இன்னும் பதில் போடவில்லை.

மிச்சப் புள்ளிகளை எப்போது எடுப்பதென்று
யோசிக்கவும் இல்லை.
இன்று பூனைக்குத் தீனி வாங்கியபோது
ரொக்கமாகக் கொடுத்தேன்.
கடைப் பெண்ணுக்குச் சில்லறை எண்ணிப் பழக்கமில்லை போலும்,
இரண்டு தரம் எண்ணினாள்.
நின்றுகொண்டிருந்தேன்.